திருநாளுக்கு மாட்டின சுக்கான்

அப்படி இல்ல சார். பலகையோட விளிம்பைப் பிடிங்க. ரெண்டு பக்கமும். ஆங், அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், நான் சொல்ற வரைக்கும் ஆடாம நின்னாப் போதும்.

காரைக்குடியில பேங்குல இருந்து ரிட்டையர் ஆகி, ஆசைப்பட்டு ஒரு பாய்ப் படகு வாங்கியிருக்கீங்க. படகு நல்ல படகுதான். சுக்கானை மாட்டினவன்தான் கண்ணை மூடிக்கிட்டு மாட்டியிருக்கான். பின்பலகையில மேல ஒரு வளையம், கீழ ஒரு வளையம். சுக்கான்ல மேல ஒரு ஆணி, கீழ ஒரு ஆணி. ஆணி ரெண்டும் வளையத்துக்குள்ள இறங்கி உக்காரணும், கதவு கீல்ல உக்காருற மாதிரி. இப்பத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்ல, ரெண்டு வளையத்துக்கும் முக்கால் விரக்கடை வித்தியாசம். பிறகு இறுக்கிப் பிடிக்காம என்ன செய்யும்? கீழ் வளையத்தைக் கழட்டிப் பழைய ஓட்டையெல்லாம் அடைச்சுட்டுப் புதுசா அடிக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம்.

என்னைப் பத்தி யாரு சொன்னது? டீக்கடையிலயா? என்ன சொன்னாக?

சொல்ல மாட்டீங்க. பரவாயில்ல. சுக்கான் வேலைன்னா கித்தேரியான்தான், ஆனா பார்த்துப் பேசுங்கன்னு சொல்லியிருப்பாக. மச்சினன் கண்ணை எடுத்தவன்னு சொல்லியிருப்பாக. இந்தக் கல்லுமுனையில எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட ஒருத்தனும் கேட்டதில்ல. நான் கோவக்காரன் இல்ல சார். அதை முதல்லயே சொல்லிடுறேன். என் அப்பன் கோவக்காரன், அவனை மாதிரி நான் இல்ல. யாரையும் சும்மா தொட்டது கிடையாது. காரணம் இருந்தாத்தான்.

அந்தச் சுத்தியலை எடுங்க. சின்னது.

ஏழு வருசம் ஆச்சு. ஆடி மாசம், கச்சான் காத்து நின்னு அடிக்கிற நேரம். எங்க ஊருல சந்தியாகப்பர் திருநாளுக்குப் பாய்மரப் போட்டி வைப்பாக. சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் வத்தை வரும். வத்தைன்னா எங்க பக்கத்துப் பலகைப் படகு, இதைப் போல ரெண்டு மடங்கு நீளம். ஒரு வத்தைக்கு ஆறு பேரு. கரையில இருந்து விட்டுக் கடலுக்குள்ள நாலு மைல்ல ஒரு மிதவையில கொடி நட்டிருப்பாக, அதைச் சுத்திக்கிட்டுத் திரும்பணும். முன்னாடி மூணு வருசமா பக்கத்து ஊரு மேட்டுவாடிக்காரன்தான் ஜெயிச்சுக்கிட்டிருந்தான். ஜெயிச்சுட்டு எங்க கரையிலயே வெடி போடுவான்.

அந்த வருசம் நான் புதுசா ஒரு சுக்கான் செஞ்சேன். ஒரு மாசம் வேலை. தேக்குப் பலகை, முன் விளிம்பு தடியா, பின் விளிம்பு மீன் வால் மாதிரி மெலிசா. சாதாரணச் சுக்கானைவிட ஒரு முழம் ஆழம். அவ்வளவு ஆழத்துக்குப் போனாத்தான் காத்து எவ்வளவு சாய்ச்சாலும் வத்தை சொன்ன சொல் கேக்கும். தொழிலுக்குப் போறப்ப இப்படிச் செய்ய மாட்டோம். எங்க கடல் ஆழம் கிடையாது, மணல்திட்டுல தட்டினா சுக்கான் தானா மேல எழும்பிக் கழண்டுக்கணும், அப்பத்தான் உடையாது. போட்டிக்கு அப்படி விட முடியாது. அலை தூக்குறப்பக் கழண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால கீழ் ஆணியோட நுனியில ஒரு ஓட்டை போட்டு, வளையத்துக்கு அடியில குறுக்க ஒரு சின்ன ஆணி சொருகுவோம். அதுக்குப் பேரு பூட்டாணி. உங்க படகுல அதுவும் இல்ல பாருங்க. ஒண்ணு போட்டுத் தர்றேன்.

என் வத்தையில பாய்க்கயிறு பிடிக்கிறவன் இன்னாசி. என் சம்சாரம் அமலோற்பவத்தோட தம்பி. அவனை மாதிரிக் கயிறு பிடிக்க இந்தக் கரையில ஆள் கிடையாது, அதை நான் ஒத்துக்குவேன். நான் சுக்கானை ஒரு இழை திருப்பினா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன் பாயை அதுக்குத் தக்கன விட்டிருப்பான். ஆறு வருசம் ஒண்ணா ஓடியிருக்கோம்.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கிறப்ப அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் சுக்கானுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். வந்தவன் உக்காரலை. முந்தின நாள் அமலி அவன் வீட்டுக்குப் போயிருக்கா, கன்னம் வீங்கியிருந்துச்சாம். குழம்புல உப்பு இல்லைன்னு நான் ஒரு தட்டு தட்டினேன், அது வீங்கிருச்சு. அவளுக்கு லேசாத் தொட்டாலே வீங்கும், உடம்புவாசி அப்படி. இவன் அதுக்காக வந்து நிக்கிறான்.

"மச்சான், இனி அக்கா மேல கை வச்சீங்கன்னா உங்க வத்தையில நான் ஏற மாட்டேன்"னான்.

சத்தம் போட்டுச் சொல்லலை, அமைதியாத்தான் சொன்னான். அதுதான் எனக்குக் கூடுதலா எரிஞ்சுச்சு. ஏறாட்டாப் போடான்னு எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி எறிஞ்சேன். அவன் மேல படலை. சுவத்துல பட்டுச்சு. அந்தக் கறை இன்னும் இருக்கு, வந்தீங்கன்னா காட்டுறேன்.

இப்பச் சொல்லுங்க. அப்படிப் போனவன் திருநாளுக்கு முந்தின நாள் தானா வந்து, ஊர்ப் பேருக்காக வர்றேன் மச்சான்னு சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? நானும் அப்பக் கள்ளமில்லாம வாடான்னுட்டேன். பிறகுதான் யோசிச்சேன். கோவமாப் போனவன் எதுக்குத் தானா வரணும்?

பிடிங்க சார். இப்பத்தான் கெட்டியாப் பிடிக்கணும். நான் ஓட்டைக்கு அளவு எடுக்கிறேன்.

ஆட்டாதீங்க.

ஆட்டாதேன்னா ஆட்டாம நிக்கணும்யா, எத்தனை தடவை சொல்றது?

பயந்துட்டீங்களா. கட்டையிலதான் அடிச்சேன் சார், உங்க மேல இல்ல. சுத்தியல் கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுந்துச்சு. சத்தம் அப்படிக் கேக்கும். வேலைன்னு வந்துட்டா எனக்கு அப்படி ஒரு வேகம், மனசுல ஒண்ணும் கிடையாது. தண்ணி குடிக்கிறீங்களா?

சரி, கேளுங்க. திருநாளன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சு ஆறரை மணிக்கெல்லாம் கரைக்கு வந்துட்டோம், நானும் அமலியும். வத்தையை நெஞ்சளவு தண்ணியில நிறுத்தியிருந்தேன். அவ்வளவு ஆழம் இருந்தாத்தான் அந்தச் சுக்கான் தரையில தட்டாது. நான் வத்தைக்குள்ள படுத்த மாதிரி குனிஞ்சு பின்பலகைக்கு மேலயிருந்து சுக்கானை இறக்குறேன். அவ தண்ணிக்குள்ள நின்னு கீழ்ப் பக்கத்தைப் பிடிச்சு வளையத்துக்கு நேராக் காட்டணும். உக்காந்ததும் பூட்டாணியைத் தடவிப் பார்த்துச் சொருகணும். தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாது, கையாலதான். வருசா வருசம் அவ செய்ற வேலைதான். பூட்டாணி அவ கையில இருந்துச்சு.

மேல் ஆணி இறங்குது, கீழ் ஆணி இறங்க மாட்டேங்குது. புது இரும்பு, இறுக்கமா இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து வத்தையைத் தூக்குச்சு. சுக்கான் நழுவி என் முழங்கையில ஒரு சிராய்ப்பு. ரத்தம். ஒரு மாசம் பட்ட பாடு, ஊரே கரையில நின்னு பார்க்குது.

"இஞ்சேருங்க, அலை போகட்டும், கொஞ்சம் பொறுங்க"ன்னா.

நான் ஒரு அறை விட்டேன். ஒண்ணே ஒண்ணு. இடது கையால. வலது கையில சுக்கான் இருந்துச்சு. மேலயிருந்து குனிஞ்சு அடிச்சதால கொஞ்சம் பலமா விழுந்துருச்சு போல, அவ தண்ணிக்குள்ள போயிட்டு எந்திரிச்சா. காதுக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு தலையை ஆட்டினா. பிறகு ஒழுங்காப் பிடிச்சா, சுக்கானும் உக்காந்துச்சு. பார்த்தீங்களா, அதைத்தான் சொல்றேன். பூட்டு சரியான்னு கேட்டேன். தலையை ஆட்டினா. நானும் சுக்கான் தலையில கைப்பிடிக் கட்டையை மாட்டி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி திரும்புச்சு. அந்த நிமிசம் எனக்கு அவ மேல ஒரு கோவமும் இல்ல. கரையேறி வந்து துண்டு எடுத்து அவ தலையைத் துவட்டியே விட்டேன். அதை எவனும் கோர்ட்டுல சொல்லலை.

பத்து மணிக்குக் கொடி அசைச்சாக. பதினேழு வத்தை. எல்லாரும் ஏறினப்புறம் கடைசியாப் பின்னாலயிருந்து தள்ளிவிட்டு ஏறினவன் இன்னாசி. இதைக் கவனிச்சுக்கங்க. பின்பக்கம், சுக்கான்கிட்ட, நெஞ்சளவு தண்ணியில நின்னு தள்ளினான். தள்ளுறவன் கை எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

அன்னைக்குக் காத்து பேய்க் காத்து. வத்தை ஒரு பக்கமாச் சாயுது. அது கவுந்துராம இருக்க எதிர்ப் பக்கம் ஒரு நீளப் பலகையை வெளிய நீட்டி அதுல ஆள் நிக்கணும். எங்களுக்குப் பலகையில நின்னவன் தொம்மை. மெலிஞ்ச ஆளு, பல்லி மாதிரி ஒட்டிக்குவான். ரெண்டு மைல் போறதுக்குள்ள பதினஞ்சு வத்தையைப் பின்னால விட்டுட்டோம். முன்னால மேட்டுவாடிக்காரன் மட்டும்தான். என் சுக்கான் என்னமா வேலை செஞ்சுச்சு தெரியுமா சார். விரலால தொட்டாப் போதும். இன்னாசியும் குறை சொல்ல முடியாம கயிறு பிடிச்சான். அன்னைக்கு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் பிறகு ஜெயில்ல எத்தனையோ தடவை நினைச்சுப் பார்த்தேன். என்ன அர்த்தத்துல சிரிச்சான்னு.

கொடிக்கிட்டப் போறப்ப ரெண்டு வத்தையும் பக்கத்துல பக்கத்துல. உள்பக்கம் யாரு திரும்புறதுன்னு போட்டி. நியாயப்படி அவனுக்குத்தான் வழி விடணும், முன்னால போறவன் அவன். ஆனா விட்டா இன்னொரு வருசம் வெடி போடுவான். நான் நெருக்கினேன். அவன் ஆளுக கம்பை எடுத்து எங்க ஆளுக முதுகுல போட்டாக. எங்க ஆளுகளும் சும்மா இல்ல, பாரத்துக்கு வச்சிருந்த மண்மூட்டையைத் தூக்கி எறிஞ்சாக. ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சு ரத்தம் பாய்ல தெறிச்சுச்சு. இன்னாசி மட்டும் கத்தினான், மச்சான் விலகுங்க, இடிக்கும் விலகுங்கன்னு. நான் விலகலை. லேசா ஒரு இடி இடிச்சேன், அவ்வளவுதான். மேட்டுவாடி வத்தையோட ஓரப்பலகை பிளந்துச்சு.

அப்பத்தான் அந்த அலை வந்துச்சு. எங்க வத்தையோட பின்பக்கத்தை அப்படியே ஆளுயரம் தூக்குச்சு. என் கையில இருந்த கைப்பிடி லேசாச்சு. பூ மாதிரி லேசாச்சு. திரும்பிப் பார்க்கிறேன், சுக்கான் வளையத்தை விட்டு மேல எழும்பி, முறுக்கிக்கிட்டு, கைப்பிடியை என்கிட்டயே விட்டுட்டுப் பின்னால போகுது. தண்ணியில மிதந்து போகுது சார். ஒரு மாச வேலை.

சுக்கான் இல்லாத வத்தை என்ன செய்யும்? மூக்கைத் திருப்பிக்கிட்டுக் காத்துக்கு நேரா நின்னுச்சு. பாய் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் அடிச்சுச்சு. பாய் கட்டின மூங்கில் தொம்மையை நெஞ்சுல அடிச்சுத் தூக்கிப் போட்டுச்சு. அவன் விழுந்தது ரெண்டு வத்தைக்கும் நடுவுல. மேட்டுவாடிக்காரனால நிறுத்த முடியலை. அவன் வத்தை தொம்மை மேல ஏறிப் போயிருச்சு. கட்டை முறியுற மாதிரி சத்தம் எனக்கே கேட்டுச்சு.

மத்தவங்க எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்காக. இன்னாசி கயிறை விட்டுட்டுக் குதிச்சான். கொஞ்ச நேரம் தலையே தெரியலை. பிறகு தொம்மையோட முடியைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு மேல வந்தான். பாதுகாப்புக்கு வந்த இஞ்சின் போட்டுக்காரங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டாக, எங்க வத்தையையும் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாக.

கரை வர்ற வரைக்கும் நான் ஒரே யோசனை. பூட்டாணி எப்படிப் போச்சு? பூட்டாணி இருந்தா சுக்கான் எழும்பாது. அப்படியும் எழும்புச்சுன்னா யாரோ ஆணியை உருவியிருக்கணும். யாரு உருவியிருப்பா? அக்காளுக்காக என்கிட்ட முறைச்சவன் யாரு? தானா வந்தவன் யாரு? பின்னாலயிருந்து தள்ளினவன் யாரு? உங்க மாதிரி படிச்சவுகளுக்கே இப்படித்தானே தோணும்?

இஞ்சின் போட்டு, ஆழம் இல்லாத இடத்துல நின்னுச்சு. இன்னாசி தொம்மையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுத் தண்ணியில நடந்து வர்றான். தொம்மை வாயில ரத்த நுரை. ஊரே தண்ணிக்குள்ள இறங்கி ஓடி வருது. நான் என் வத்தையில இருந்து குதிச்சுப் பின்னாலயே போனேன். கைப்பிடி என் கையிலதான் இருந்துச்சு. நான் அதை வேணும்னு எடுத்துக்கிட்டுப் போகலை, விடாம வச்சிருந்தேன், அவ்வளவுதான். இரும்புப் பூண் போட்ட கட்டை.

முதல் அடி முதுகுல. அவன் ஒரு எட்டு முன்னால தடுமாறினான். தொம்மையைக் கீழ விடலை. ரெண்டாவது அடி தோள்ல. அப்பவும் விடலை. உருவினியாடா, ஆணியை உருவினியாடான்னு கேக்கிறேன். அவன் தொம்மையை நெஞ்சோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறான். பிறகு என்கிட்டத் திரும்பினான்.

"மச்சான், இவனை மட்டும் கரையில போட்டுட்டு..."

மூணாவது அடி முகத்துல விழுந்துச்சு. இடது கண்ணுல. பூண் இருந்த பக்கம்.

அப்பவும் அவன் முழங்கால் மடிச்சு உக்காந்தானே தவிர தொம்மையோட தலையைத் தண்ணிக்கு மேலதான் வச்சிருந்தான். மத்தவங்க வந்து தொம்மையை வாங்கினப்புறம்தான் கையை எடுத்து முகத்துல வச்சான். விரலுக்கு நடுவுல என்னென்னமோ வந்துச்சு.

நான் எல்லார்கிட்டயும் இதைத்தான் கேட்டேன், போலீஸ்காரன்கிட்டயும் கேட்டேன். ஏன் அவன் திருப்பி அடிக்கலை? என்னைவிட பத்து வயசு சின்னவன், உடம்புல பலம் உள்ளவன். ஒரு கையால என்னை அமுக்கியிருக்கலாம். கையில ஆள் இருந்துச்சுங்கிறாக. இருக்கட்டுமே. கீழ போட்டுட்டு அடிக்க வேண்டியதுதானே? தப்பு செஞ்சவன்தானே சார் கை தூக்க மாட்டான்?

சரி. அந்தத் திருப்புளியைக் குடுங்க.

அமலி ஓடி வந்தா. புடவை நனைஞ்சு கால்ல சுத்த, விழுந்து எந்திரிச்சு வந்தா. தம்பிகிட்டப் போவான்னு பார்த்தேன், என் முன்னால வந்து நின்னா.

"அவன் உருவலை. காலையில நீ அடிச்சப்ப என் கையில இருந்து விழுந்துருச்சு. நான் சொருகவே இல்ல."

அதுவரைக்கும் என்னை நீன்னு சொன்னது கிடையாது. பதினாலு வருசத்துல முதல் தடவை. ஊர் முன்னால.

பிறகு நடந்ததை நான் முழுசாப் பார்க்கலை. என்னைக் கீழ போட்டு மிதிச்சாக. எங்க ஊர் ஆளுகதான், சொந்தக்காரங்கதான். பல்லு நாலு போச்சு. கொடிமரத்துல கட்டி வச்சாக. கட்டி வச்ச இடத்துல இருந்து பார்க்கிறேன், கோடாலியை எடுத்துட்டு வந்து என் வத்தையைக் கொத்துறாக. அதுல என்னோட ஓடினவனே ரெண்டு பேரு இருந்தாக. ஒவ்வொரு பலகையா. போலீஸ் வர்றதுக்கு மூணு மணி ஆச்சு. அதுக்குள்ள விறகாக்கிட்டாக. தொம்மை பிழைச்சுக்கிட்டான், விலா எலும்பு மூணு போச்சு. இன்னாசிக்குக் கண்ணு போச்சு. ஆஸ்பத்திரியில அன்னைக்கே எடுத்துட்டாக.

கேஸ் நடந்துச்சு. அமலி சாட்சிக்கூண்டுல ஏறினா. என் வக்கீல் நல்லாத்தான் கேட்டாரு. காலையில ஆறரை மணிக்கு ஆணி விழுந்துச்சு, போட்டி பத்து மணிக்கு, நடுவுல மூணரை மணி நேரம் ஏம்மா சொல்லலைன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. பூட்டு சரியான்னு புருசன் கேட்டப்பத் தலையாட்டியிருக்க, இப்பத் தம்பிக்காக மாத்திச் சொல்றியான்னு கேட்டாரு.

அவ ஜட்ஜைப் பார்த்துச் சொன்னா. "ஆணி விழுந்ததைச் சொன்னா இன்னொரு அடி விழும்னு முதல்ல பயந்தேன் ஐயா. பிறகு சுக்கான் கழண்டு தோத்துட்டு வரட்டும்னு நினைச்சேன். ஊர் சிரிக்கட்டும்னு நினைச்சேன். என் தம்பியும் அதுல போறான்னு எனக்குத் தோணவே இல்ல. அந்தக் கண்ணுல பாதி நான் எடுத்தது."

இன்னாசி வெள்ளைக் கட்டுப் போட்டுக்கிட்டுப் பின்னால உக்காந்திருந்தான். எந்திரிச்சு நடந்து வந்து கூண்டுக்குக் கீழ நின்னு அவ இறங்குறதுக்குக் கை குடுத்தான். ரெண்டு பேரும் வெளிய போனாக. என்னைத் திரும்பிப் பார்க்கலை.

எனக்கு ரெண்டு வருசம் குடுத்தாக. நன்னடத்தைன்னு ஒன்றரை வருசத்துல விட்டுட்டாக. பார்த்தீங்களா, ஜெயில்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, நான் கோவக்காரன் இல்லைன்னு.

ஆனா அவ சொன்னதை நான் இன்னும் நம்பலை சார். தம்பியைக் காப்பாத்தச் சொன்ன பொய் அது. இப்படி யோசிச்சுப் பாருங்க. அவ சொல்றது நிசம்னா, அந்தக் கண்ணை நான் சும்மாதானே எடுத்திருக்கேன்? ஒரு காரணமும் இல்லாம? ஆளைத் தூக்கிக்கிட்டு வந்தவனை? அப்படி ஒருத்தன் செய்வானா? நான் செய்வேனா? அப்ப அது நிசமா இருக்க முடியாதுல்ல.

இருக்க முடியாது.

இந்தாங்க, இப்ப விடுங்க. உக்காந்துருச்சு. திருப்பிப் பாருங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். முறுக்குதா? முறுக்காது. மேல வளையத்துக்கும் ஆணிக்கும் நடுவுல ஒரு வாசர் போட்டிருக்கேன், ஆட்டம் இருக்காது. ஆனா முழுசா இறுக்கலை. சுக்கானுக்குக் கொஞ்சம் இடம் விடணும். காகிதம் நுழையுற அளவு. ரொம்ப இறுக்கினா திரும்ப மறுக்கும்.

அமலியா? இங்கதான் இருக்கா. தம்பி வீட்டுல. நான் ஜெயில்ல இருந்து வந்து கூப்பிட்டு அனுப்பினேன், வரலை. ரெண்டு தடவை நானே போனேன். முதல் தடவை வாசக் கதவைச் சாத்திக்கிட்டா. ரெண்டாவது தடவை கதவு லேசா உடைஞ்சு போச்சு, அக்கம்பக்கத்துல வந்துட்டாக. அதோட போகலை.

இன்னாசிக்கு இடது பக்கம் தெரியாது. தூரமும் மட்டுப்படாதாம். கொஞ்ச நாள் கரையில வலை பின்னிக்கிட்டு இருந்தான். கூட ஓட எவனும் வரலை, ஒத்தைக் கண்ணனோட கடலுக்கு யாரு போவா? பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், சின்ன வத்தை ஒண்ணை இறக்குறாக, பாய்க்கயிறு அவன் கையில, சுக்கான் அமலி கையில. எங்க கரையில பொம்பளை சுக்கான் பிடிச்சு நான் பார்த்ததில்ல. ஊர்ல ரெண்டொருத்தர் பேசினாக, பிறகு விட்டுட்டாக. நாலு வருசமாப் போறாக. அவன் காத்தைப் பார்த்துச் சொல்றான், அவ திருப்புறா.

போன மாசிக்கு முந்தி அவுக பழைய சுக்கான் உடைஞ்சு, புதுசு ஒண்ணு மாட்டியிருந்தாக. யாரு மாட்டினானோ தெரியலை. நான் இந்தக் கொட்டகையில உக்காந்து பார்க்கிறேன், அது பின்னால சாஞ்சு நிக்குது. கீழ் வளையத்தை உள்ள தள்ளி அடிச்சிருந்தா அது நிமிர்ந்துக்கும். சாஞ்ச சுக்கான் கையை இழுக்கும் சார். பத்து மைல் போய்த் திரும்பினா தோள்பட்டை கழண்டு போகும். ஆம்பளைக்கே முடியாது. ரெண்டு நாள் பார்த்தேன். மூணாவது நாள் காலையில மனசு கேக்கலை. சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கிட்டுத் தண்ணியில இறங்கினேன்.

அவ அப்பத்தான் கைப்பிடியை மாட்டப் போறா. இன்னாசி பாயை அவிழ்த்துக்கிட்டிருந்தான். நான் ஒண்ணும் தப்பாப் பேசலை. இது சாஞ்சிருக்கு, பத்து நிமிசத்துல சரி பண்ணித் தர்றேன், கை வலிக்கும்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே சுக்கான் மேல கை வச்சேன்.

கையை எடுன்னா. நான் எடுக்கலை. நல்லதுக்குத்தானே சொல்றேன். விடு, நான் பார்க்கிறேன்னு அவ கையைக் கொஞ்சம் ஒதுக்கினேன்.

கைப்பிடியை ஓங்கி என் கை மேல போட்டா. இந்த ரெண்டு விரலும். மடங்காது இப்ப. எலும்பு தூளாப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரே அடிதான், கத்தவும் இல்ல, அழவும் இல்ல. அடிச்சுட்டுக் கைப்பிடியைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா. இன்னாசி முகத்தை முழுசாத் திருப்பி வலது கண்ணால என்னைப் பார்த்தான். அவன் இறங்கி வருவான்னு நினைச்சேன். வரலை.

நான் கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில நிக்கிறேன். உனக்குத்தான்டி வலிக்கும்னு சொன்னேன். ரெண்டு கண்ணுலயும் தண்ணி வந்துருச்சு எனக்கு, வலியில.

"வலிக்கட்டும். என் கை, நான் பிடிச்சுக்கிறேன்"னா.

அவ்வளவுதான் சொன்னா. ஏறி உக்காந்து கைப்பிடியை மாட்டினா. இன்னாசி பாயை விட்டான்.

நான் கேஸ் குடுக்கலை சார். குடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில யாரு அடிச்சதுன்னு கேட்டாக, படகுல நசுங்கிருச்சுன்னுட்டேன். ஆனா எனக்கு ஒண்ணுதான் விளங்கலை. உதவிக்குப் போனவனை எதுக்கு அடிக்கணும்?

கட்டுப் போட்டுக்கிட்டு வந்து சாயந்திரம் இங்கயே உக்காந்திருந்தேன். காத்து கூடியிருந்துச்சு. எல்லா வத்தையும் அலையில ஒரு பக்கமா ஒதுங்கி ஒதுங்கி வருது. அவுக வத்தை கடைசியா வந்துச்சு. தூரத்துல இருந்தே பார்த்துக்கிட்டிருந்தேன், எங்கயாவது தடுமாறும்னு. ரெண்டு கையாலயும் பிடிச்சு, மார்போட சேர்த்து வச்சிருந்தா.

அந்தச் சாஞ்ச சுக்கானை வச்சுக்கிட்டு, நேரா வந்தா சார். கோடு போட்ட மாதிரி.